பதினாலாம் நம்பர் வீட்டின் இரண்டு எல்லப்பன்கள்

வீட்டின் நடுவே சுவர் எழுப்பியே தீருவேன் என்று அய்யனார் சொல்ல, எழுப்பித்தான் பாரேன் என்று அண்ணன் அருணாச்சலம் சொல்ல, இருவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன இடத்தில் போன வாரம் நாம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். அப்புறம் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. செங்கல் வரவில்லை. பேச்சும் வரவில்லை. ஒரே அடுப்பில் வெந்த சோற்றை ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

சண்டைக்குக் காரணம் ஒரு சன்னல். அருணாச்சலத்தின் மகன் எல்லப்பனின் தறி பல வருஷமாக அந்தச் சன்னலை ஒட்டித்தான் இருந்தது. ஆடி மாசத்தில் அய்யனாரின் மகன் எல்லப்பனும் சங்கத்தில் உறுப்பினராகித் தனக்கென்று ஒரு தறி போட்டான். வீட்டில் அதற்குக் கிடைத்த ஒரே இடம் சன்னலுக்குப் பக்கத்தில். பழைய தறி உள்ளே தள்ளிப் போனது. வெளிச்சம் குறைந்தது, பேச்சும் குறைந்தது.

இரண்டு எல்லப்பன்களா என்று இந்த வாரம்தான் படிக்க வந்தவர்கள் மலைக்க வேண்டாம். தாத்தா பெயர் எல்லப்பன். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்தத் தெருவின் எழுதாத சட்டம். அண்ணன் வைத்துவிட்டார் என்பதற்காகத் தம்பி விட்டுக்கொடுப்பாரா? அவரும் வைத்தார். அப்பாக்கள் அருணாச்சலம், அய்யனார் என்பதால் இனிஷியலும் ஒன்றே. ஆக, பதினாலாம் நம்பர் வீட்டில் இரண்டு அ. எல்லப்பன்கள். அருணாச்சலத்தின் மகனைச் செவப்பு எல்லப்பன், அய்யனாரின் மகனை நெட்டை எல்லப்பன் என்று பிரித்துக் கூப்பிட்டுத் தெரு சமாளித்துக்கொண்டது. தபால்காரர் மட்டும் எந்தக் கடிதம் வந்தாலும் வாசலில் யார் நிற்கிறாரோ அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

செவப்பு எல்லப்பனின் தங்கை ஆதிலட்சுமிக்கு அந்த வியாழக்கிழமை சன்னலைப் பற்றி நினைக்க நேரமில்லை. வேலூரில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள், ஊரின் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலையில் இருந்தாள். அந்த ஆறு மாதம் அன்றோடு முடிகிறது. வேலையை நிரந்தரம் செய்யும் உத்தரவைத் தலைவர் அன்று சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருந்தார். அவள் வம்சத்தில் அதுவரை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. கூலிக்கு நாற்று நட்டவர்கள், மில்லில் நெல் மூட்டை சுமந்தவர்கள், அப்பா காலத்தில்தான் தறிக்கே வந்தவர்கள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

அம்மா கன்னியம்மாள் சாப்பாட்டுத் தூக்கை நீட்டும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் யாரையும் எதுத்துப் பேசாம வா, லட்சுமி."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் ஆதிலட்சுமி கிளம்பினாள். பதினொரு மணி வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள்.

எண்பத்தெட்டாம் வருஷத்து ஆரணியில் கம்ப்யூட்டர் என்பது செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய சமாசாரம். சங்கத்தின் முன்னறையில் ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, அதை உட்கார வைத்திருந்தார்கள். எந்தத் தறிக்கு எப்போது பாவு, அதாவது சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு நூல், கொடுத்தது, அடுத்த முறை யாருக்கு என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு தறி. அத்தனையையும் தெருத் தெருவாக நடந்து எழுதி வந்து உள்ளே ஏற்றியது ஆதிலட்சுமிதான். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் தீபாவளிச் சேலைக்கான பாவு கொடுக்கப்போகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் பாவு. இல்லையென்றால் அந்தத் தறி தீபாவளி முடியும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான்.

பதினொரு மணிக்கு, சங்கத்துக்குப் புரோகிராம் எழுதித் தரும் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து பிலவேந்திரன் வந்து இறங்கினான். போளூர்ப் பையன்தான், மெட்ராஸ் போய் நாலு வருஷமாகிறது. பட்டியல் போடும் புரோகிராமைத் திருத்தி, புதிசாக்கி, இரண்டு பிளாப்பியில் கொண்டு வந்திருந்தான். பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றினால் பட்டியல் பாதி நேரத்தில் வந்துவிடும் என்றும், மதியத்துக்குள் முடித்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றும் தலைவர் மாணிக்கவேலிடம் சொன்னான். தலைவர் ஆகட்டும் என்றார்.

ஆதிலட்சுமி பிளாப்பியை வாங்கிக்கொண்டாள். ஆனால் உள்ளே போடவில்லை. இதை முதலில் வேறொரு மிஷினில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். மெட்ராஸிலேயே ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, நூறு பெயர் போட்டுச் சோதித்தோம் என்றான் பிலவேந்திரன். யார் பெயரெல்லாம் என்று கேட்டாள். ஆபீசில் உட்கார்ந்து நாங்களே எழுதிய பெயர்கள்தான் என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க ஊருப் பேருங்கள வெச்சு ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கணுங்க," என்றாள். "ஸ்டோர்ல பழைய கம்ப்யூட்டர் கீது. இதுல இருக்கறத அப்படியே காப்பி எடுத்து, அதுல போட்டுப் பாத்துட்டு, அப்பால இதுல ஏத்தலாம்."

தலைவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. நல்ல மனுஷர்தான். ஆனால் வெளியூர் ஆள் முன்னால் தன் பேச்சுக்கு மறுபேச்சு வருவதை எந்தத் தலைவரும் ரசிப்பதில்லை. நாளைக்கு விடிந்தால் அறுநூறு பேர் வாசலில் நிற்பார்கள், இன்றைக்கு உட்கார்ந்து விளையாடச் சொல்கிறாயா என்றார். சொன்னதைச் செய்கிற ஆள்தான் இந்தச் சங்கத்துக்கு நிரந்தரமாக வேண்டும் என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

ஆதிலட்சுமிக்கு அம்மாவிடம் தலையாட்டியது நினைவு வந்தது. பேசாமல் பிளாப்பியைப் போட்டுவிட்டால் சாயங்காலம் உத்தரவு கைக்கு வந்துவிடும். தப்பு நடந்தால் மெட்ராஸ்காரன் தலையில். அவள் பிளாப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"தலைவரே, ஒண்ணு கேக்கறேன். உங்க வூட்டுத் தறிக்குப் புது டிசைன் அட்டை வந்தா, நேரா கல்யாணச் சேலைப் பாவுல வெச்சு நெய்வீங்களா?"

மாணிக்கவேல் முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். யோசிக்காமல் பதில் சொன்னார். "அதெப்டி? மிச்சப் பாவுல ஒரு சாண் நெய்ஞ்சு பாத்துட்டுத்தான்."

"அட்டை செஞ்சவரு, நான் பாத்துட்டேன் சரியா கீதுன்னு சொன்னா?"

"அவன் சொல்லிட்டுப் பூடுவான். பாவு நம்மளுது ஆச்சே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூன்று மணி வரைக்கும் நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. தங்கச்சிக்கு வந்து புத்தி சொல்லு என்று செவப்பு எல்லப்பனுக்கு ஆளும் அனுப்பினார்.

முதலில் வந்து, திரை மக்கர் செய்ததால் ஓரம்கட்டிய அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஸ்டோரில் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. தூசு தட்டித் தூக்கி வந்து வைத்தார்கள். திரையில் முதலில் ஒன்றும் வரவில்லை. ஆதிலட்சுமி பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், பச்சை எழுத்து வந்தது. பிலவேந்திரன் அவளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துச் செவப்பு எல்லப்பன் உள்ளே நுழைந்தான். தறியை நிறுத்திவிட்டு வந்த கோபம், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கோபம், பத்து நாளாக வீட்டில் இருக்கும் கோபம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முகம் இன்னும் சிவந்திருந்தது.

"இன்னாமே இது பேஜாரு? ஏத்துன்னா ஏத்திட்டுப் போவியா, தலைவர் கிட்டயே நின்னு பேசிகினு கீற?"

அவனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள் தங்கை. ஏ.சி. குளிரில் ஐந்து நிமிஷத்தில் கோபம் பாதி குறைந்தது. துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

புதுப் புரோகிராம் ஓடியது. வேகத்தைப் பற்றிப் பிலவேந்திரன் சொன்னது பொய்யில்லை. டீ வருவதற்குள் பட்டியல் தயார். கடைசி வரியில் மொத்தம் 588 என்று இருந்தது.

ஆதிலட்சுமி இரண்டு தடவை பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு உள்ளே போனது, ஐந்நூற்று எண்பத்தெட்டு வெளியே வந்திருக்கிறது. பாக்கி இருபத்துநாலு பேர் எங்கே?

பிலவேந்திரன் அசரவில்லை. பெருமையாகவே சொன்னான். ஒரே பெயரை மறந்துபோய் இரண்டு தடவை ஏற்றிவிடுவது எல்லாச் சங்கத்திலும் நடப்பதுதான், அதைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதுதான் இந்தப் புதுப் புரோகிராமின் விசேஷமே என்றான். உங்களிடம் இருபத்துநாலு இரட்டிப்பு இருந்திருக்கிறது, பாருங்கள், போய்விட்டது.

ஒருவேளை நிஜமாகவே நாம்தான் இரண்டு தடவை ஏற்றிவிட்டோமோ என்று ஆதிலட்சுமிக்குச் சந்தேகம் வந்தது. கணக்கு மட்டும் பார்த்தால் தெரியாது. ஆளைத் தெரிந்த ஆள் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் பக்கத்திலேயே துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ண்ணா, நம்ம தெருவுல தறி வெச்சிகினு கீறவங்க எல்லாரையும் ஒனக்குத் தெரியும்ல? நான் படிக்கறேன். நீ சரி பாரு."

செவப்பு எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மனசுக்குள் தெருமுனையிலிருந்து நடக்க ஆரம்பித்தான். அவள் ஒரு பெயரைப் படிக்க, அவன் ஒரு வீட்டைத் தாண்டினான். சடையப்பன், ஆங், கீறாரு. பக்கத்து வீடு இராஜமாணிக்கம், கீறாரு. தண்ணிக் குழாய்க்கு எதிர் வீட்டில் சித்தப்பனும் அண்ணன் பிள்ளையும் ஒரே பேர், ஒருத்தரைத்தானே படித்தாய் என்று கேட்டான். அவள் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

"பதினாலாம் நம்பர். அ. எல்லப்பன்."

அண்ணன் கண்ணைத் திறந்தான். முகம் மலர்ந்தது. "நான்தான். கீறேன் பாரு. எல்லாம் சரியாத்தான் கீது, ஜல்தியா ஏத்திடு."

"ஒன் தறி நம்பர் எத்தினி?"

"இருநூத்தி ஆறு."

"இதுல அறுநூத்திப் பன்னண்டு போட்டுக்கீது."

அது நெட்டை எல்லப்பனின் தறி. ஆடி மாசத்தில் கடைசியாகச் சேர்ந்த தறி. ஒரே வீட்டில், ஒரே இனிஷியலோடு, ஒரே பெயர் இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே ஆள், பின்னால் ஏற்றியதுதான் சரி என்று எடுத்துக்கொண்டு முன்னதை அழித்துவிடு என்று மெட்ராஸில் யாரோ எழுதியிருக்கிறார்கள். தாத்தா பெயரைப் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் வைக்கிற தெரு ஒன்று இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

பன்னிரண்டு வருஷமாக நெய்பவன் பட்டியலிலேயே இல்லை. செவப்பு எல்லப்பனுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தான். சத்தம் போடுவான் என்றுதான் ஆதிலட்சுமி எதிர்பார்த்தாள். அவன் சின்னக் குரலில், "அப்பவே நீ ஏத்தியிருந்தா?" என்று மட்டும் கேட்டான்.

பிலவேந்திரன் தலையைச் சொறிந்தான். ஒரு சுலபமான வழி இருப்பதாகச் சொன்னான். புரோகிராமைத் தொட வேண்டியதில்லை. ஒருவருக்கு வீட்டு நம்பரைப் பதினாலு என்றும் இன்னொருவருக்குப் பதினாலு ஏ என்றும் மாற்றிப் போட்டால் போதும். வேறு வேறு வீடு என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் விட்டுவிடும். இப்படி இருபத்துநாலு பெயருக்கும் செய்துவிடலாம், பத்து நிமிஷ வேலை.

ஆதிலட்சுமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நாளாக அந்த வீட்டில் நடக்கும் சண்டையில் சுவர் எழும்பினால் பிறக்கப்போவது அந்தப் பதினாலு ஏ-தான் என்பது மெட்ராஸ்காரனுக்குத் தெரியாது. போடட்டுமே சுவரை என்று போன வாரம் கத்தியவர்களில் இந்த அண்ணனும் ஒருவன்தான்.

செவப்பு எல்லப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "அதெல்லாம் வாணாங்க. எங்க வூட்டுக்கு ஒரே நம்பருதான். நீங்க ஒங்க இதைச் சரி பண்ணுங்க." சொல்லிவிட்டு வெளியே போனவன் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். அதைப் பிலவேந்திரன் பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டு, வீட்டைப் பார்க்காமல் தறி நம்பரைப் பார்த்து ஆளைப் பிரிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஒரு நம்பர் ஒரு தறிக்குத்தான், ஒரு தறி ஒரு ஆளுக்குத்தான். அவன், இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று முணுமுணுத்தபடி கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

இரண்டரை மணிக்குத் திருத்தியதை மறுபடி பழைய மிஷினில் ஓட்டினார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆதிலட்சுமி அதை நம்பவில்லை. விட்டுப்போன இருபத்துநாலு பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. செவப்பு எல்லப்பன் முன்னால் வர, பின்னால் தலையைக் குனிந்தபடி நெட்டை எல்லப்பன் நுழைந்தான். அவன் கையில் ஒரு பொட்டலம், உள்ளே சூடான போண்டா. பத்து நாளாகப் பேசாத இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்திருந்தார்கள்.

"இவுரு ரெண்டு எல்லப்பன் கிடையாதுன்னு சொல்றாராண்டா," என்றான் செவப்பு. "நேருல காட்டிட்டா பேச்சே இல்ல பாரு."

இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பிலவேந்திரன் ஒரு போண்டாவைக் கடித்தபடி ஒருவரை அண்ணாந்தும் ஒருவரை நேராகவும் பார்த்து, தப்பு எங்கள் பேரில்தான் என்று ஒப்புக்கொண்டான். அவனைப் போல் ஐந்து பேர் மெட்ராஸில் உட்கார்ந்து எழுதியது, இவர்களைப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள். அய்யனாருக்கு விஷயம் தெரியுமா என்று ஆதிலட்சுமி மெதுவாகக் கேட்டாள். தெரியுமாம். என் பையன் உன் பையனைச் சாப்பிட்டுவிட்டானா என்று அண்ணனிடம் போய்க் கேட்டாராம். அருணாச்சலம் சிரிப்பை அடக்க எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாராம். அந்த வீட்டில் அன்றைக்கு அது பெரிய பேச்சுவார்த்தை.

பெரிய கம்ப்யூட்டரில் புதுப் புரோகிராம் ஏறியபோது மணி நாலு. பட்டியலைத் தலைவர் தானே வாங்கிப் பார்த்தார். முதல் பட்டியலில் தன் தறி இருந்ததா என்று யாருக்கும் கேட்காமல் ஆதிலட்சுமியிடம் விசாரித்தார். இருந்தது என்று தெரிந்ததும், அதே வீட்டில் அதே பெயரோடு இருக்கும் சித்தப்பா மகன், தன் தம்பியின் தறி இல்லை என்று தெரிந்ததும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இதை நாளைக்குக் காலையில் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது கண்டுபிடித்திருந்தால் தம்பி பெண்டாட்டி தன்னை ஊரை விட்டே துரத்தியிருப்பாள் என்றார்.

பிறகு, உத்தரவை நீயே டைப் அடித்துக் கொண்டுவா என்றார். அவள் சங்கத்தின் பெயர் அச்சடித்த நல்ல தாளை எடுக்கப் போனபோது தடுத்தார்.

"இரும்மா. மொதல்ல வெறும் பேப்பர்ல அடி. நான் படிச்சுப் பாக்கறேன். அப்பால நல்ல பேப்பர்ல அடிக்கலாம்."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமி வெறும் தாளில் அடித்தாள், அவர் படித்துப் பார்த்தார், நல்ல தாளில் அடித்தாள். தலைவர் பேனா மூடியைத் திறந்தார்.

போன் அடித்தது.

செய்யாறு பக்கத்தில் ஒரு சங்கம். பிலவேந்திரன் அங்கே இருக்கிறானா என்று கேட்டார்கள். அவன் வாங்கிப் பேசினான், பேசினான் என்று சொல்வதைவிடக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று சொல்லலாம். முகத்தில் ரத்தமே இல்லை. திங்கட்கிழமை இதே புரோகிராமை அவர்களுக்கு ஏற்றிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறான். நேற்றுப் பாவு கொடுத்துவிட்டார்களாம். எழுபது பேர் பெயர் இல்லை. எழுபது பேரும் இப்போது சங்கத்து வாசலில் நிற்கிறார்கள்.

அவன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இவளைப் பார்த்தான். ஆதிலட்சுமி அவன் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"ஐயா, நான் ஆரணியிலிருந்து பேசறேங்க. மிஷின்ல யாரையும் கை வெக்க வாணாம்னு சொல்லுங்க. பழைய பட்டியல் பேப்பர் இருந்தா எடுத்துப் பத்திரமா வெச்சிருங்க. எழுபது பேரையும் திரும்பக் கொண்டு வந்துடலாம். நாளைக்கு மொத பஸ்ஸுல நான் வரேன்."

வைத்த பிறகுதான், தான் யாரையும் கேட்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டது அவளுக்கு விளங்கியது. அப்பாவைக் கேட்கவில்லை. தலைவரைக் கேட்கவில்லை. அண்ணன்கள் இருவரும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"நாளைக்குக் காலைல நம்மகிட்டயும் அறுநூறு பேரு வருவாங்களே," என்றார் மாணிக்கவேல். "இங்க யாரும்மா இருப்பா?"

ஆதிலட்சுமி அவர் கையைப் பார்த்தாள். தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போடவும் இல்லை, பேனாவை மூடவும் இல்லை.